தேவசகாயம் திருத்திய அட்டை

தேவசகாயம் காலமான செய்தி, நடுவட்டத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த அட்டையை நான் மாற்றவே இல்லை. இனி யாரிடம் போய் ஒப்புக்கொள்வது?

அவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூருக்கு அடுத்த எங்கள் எஸ்டேட் கிளப்பின் சுவரில் இருக்கும் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பராமரித்துவந்தார். நான் அந்தக் கிளப்பின் செயலாளர். இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றின் கீழே ‘முழுவதும் கையால் செய்தது’ என்று அட்டை வைத்தேன். மறுநாளே வந்து நின்றார்.

“ஏனுங்க, இது தப்புங்க. பாகமெல்லாம் மிஷின்ல செஞ்சதுங்க. அதை அரத்துல ராவி, ஒண்ணோட ஒண்ணு சேர்த்திருக்காங்க. கையால செய்யறது வேற, கையால பொருத்தறது வேறங்க.”

“பார்க்க வர்றவங்களுக்கு அதெல்லாம் எதுக்குங்க?”

“பொருத்துனவனுக்கு வேணுமில்லீங்களா?”

அதன்பின் என்னை விடவில்லை. அட்டையை மாற்றியாயிற்றா என்று சர்ச் வாசலில் கேட்டார், காய்கறிக் கடையில் கேட்டார், என் மகள் கல்யாணப் பந்தியிலும் கேட்டார். மனிதர் உயிரை எடுத்துவிட்டார்!

ஒரு மழைக்காலத்தில் அவரைக் கேட்காமல் நானே இரண்டு துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்தேன். இரண்டும் ஒரே துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து வந்தவை, ஒரே அச்சு. விசையைத் தாங்கும் தகடுகள் ஒன்றினது இன்னொன்றுக்கு என்று இடம் மாறிவிட்டன. எவ்வளவு அழுத்தியும் உட்காரவில்லை. சுத்தியலை எடுத்தபோது அவர் வந்துவிட்டார். விளக்குப் புகையில் தகட்டைக் காட்டிக் கரி ஏற்றினார், வைத்தார், எடுத்தார். கரி அழிந்த இடத்தை அங்கே கூடிவிட்ட கிளப் உறுப்பினர்கள் எல்லோருக்கும் காட்டினார்.

“இங்கதான் முட்டுது. பொருத்துனவன் இதை அந்த ஒரு துப்பாக்கிக்குன்னே ராவியிருக்கானுங்க.”

எனக்கு மானம் போயிற்று. அந்த வீம்பில்தான் அட்டையை மாற்றவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அட்டைய மாத்தீட்டீங்களா?” என்றார்.

“மாத்தீட்டனுங்க,” என்று பொய் சொன்னேன். சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கம் முடிந்ததும் நேராகக் கிளப்புக்குப் போனேன். பித்தளைச் சட்டத்திலிருந்து பழைய அட்டையை உருவியபோது, அதன் பின்னாலிருந்து இன்னொன்று விழுந்தது. அவர் கையெழுத்து. ‘இயந்திரத்தில் செய்த பாகங்கள். கையால் ராவிப் பொருத்தியவை.’ பின்புறம் பென்சிலில்: ‘கோவம் தணிஞ்சப்புறம் இதை வைங்க.’

அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய் என்று அப்போதே அவருக்குத் தெரியும்; மாற்றியிருந்தால் இது என் கையில் கிடைத்திருக்குமே. தேவசகாயம் அவர்களே, உங்களோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. அவர் எழுதிய அட்டையைச் சட்டத்தில் வைத்தேன். மயிரிழை இடைவெளியில்லாமல் உட்கார்ந்தது. போய் வாருங்கள்.