உரியாத சிவப்பு

ஓசூருக்கு வந்த புதிதில் என்னை ஆச்சரியப்படுத்தியது இந்த ஊர்க் குளிரோ, ஒரே டீக்கடையில் புழங்கும் மூன்று மொழிகளோ அல்ல. எங்கள் கம்பெனியில் பெயிண்ட் அடுப்பில் சோறு சூடாவதுதான். டிராக்டருக்கான இரும்புப் பாகங்களின் மேல் பவுடர் பெயிண்டைத் தூவி, ஆள் உயர அடுப்புக்குள் தொங்கவிட்டு, இருநூறு டிகிரியில் இருபது நிமிடம் வேகவைப்போம். அடுப்பை அணைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்ததும் பெண்கள் வரிசையாக வந்து மேல் கம்பியில் தூக்குகளை மாட்டுவார்கள். மதியம் களியும் குழம்பும் ஆவி பறக்கும். எங்கள் கடற்கரையில் அடுப்பு என்றால் ஒரு வீட்டுக்கு ஒன்று. இங்கே முப்பது பேருக்கு ஒரே அடுப்பு, அதற்கு ஆபரேட்டர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த நான். எல்லார் சோற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்று ஒரு வீண் பெருமை எனக்கு இருந்தது.

ஊரில் என் தம்பி முருகன் இன்னும் கடலுக்குப் போகிறான். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்து, மீன் தலைபோலச் செய்து, அதற்குப் பெயிண்ட் அடித்துக்கொள்வது எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கடைப் பெயிண்டை அடித்தால் இரண்டு நாளில் உப்புத்தண்ணீர் அதைத் தோல் தோலாக உரித்துவிடும். பாறையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், வழுக்கைத் தலைதான். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். "ஓசூர்ல நாங்க அடிக்கிற பெயிண்டு சுத்தியலால அடிச்சாலும் போகாதுடா, நான் செஞ்சு அனுப்புதேன்" என்று நாலு பேர் முன்னால் அளந்துவிட்டேன். படகு ஏறாமல் ஓடிப்போனவன் என்ற பேச்சு என்மேல் இருந்தது. அதை இந்த ஒரு பெயிண்டால் மூடிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் தடவை ஒழுங்காகத்தான் செய்தேன். லாரி சக்கரத்தில் பேலன்சுக்கு அடிக்கும் ஈயக்கட்டியை உருக்கித் தலை வார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லேசாகச் சுடவைத்து, தரையில் சிந்திய சிவப்புத் தூளில் முக்கி எடுத்தால் தூள் மாவுபோல ஒட்டிக்கொள்ளும். தூண்டில் நரம்பு கோக்கும் துளையை ஊசியால் திறந்துவிட்டு, கம்பியில் கோத்து, பாகங்களுக்கு மேலே தொங்கவிட்டு வேகவைத்தேன். வெளியே வந்தபோது பழுத்த மிளகாய்போல மின்னியது. பத்துத் தலைகளைப் பார்சலில் அனுப்பினேன். பதினைந்து நாளில் முருகன் போன் செய்தான். "ஏண்ணே, பாறையில உரசியும் உரியமாட்டேங்கு. இன்னும் பத்து அனுப்பேன். எல்லாவனும் கேக்கான்." அன்று ஷிப்டு முழுக்க நான் சிரித்த முகமாகவே இருந்தேன்.

இரண்டாம் தடவை பழைய இரும்புக் கடையில் பளபளப்பான கட்டிகள் கிடைத்தன. கடைக்காரர் ஈயம் என்றார். ஸ்டவ்வில் வைத்ததுமே வெண்ணெய்போல உருகியது. இவ்வளவு சீக்கிரம் உருகுகிறதே என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வேலை சுலபமாயிற்று என்று சந்தோஷப்பட்டேன். அது ஈயமல்ல, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் பற்றவைத்துக் கழித்த சால்டர். எங்கள் அடுப்புச் சூட்டுக்கு அது தாங்காது. கதவைத் திறந்தபோது என் கம்பியில் பாதித் தலைகளுக்கு மூக்கில்லை. கீழே தொங்கிய பாகங்களில் வெள்ளிச் சொட்டுகள் உறைந்திருந்தன. கம்பியைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் பெண்கள் தூக்குகளோடு வந்துவிட்டார்கள்.

லட்சுமம்மா முதலில் மாட்டினார். பக்கத்துக் கிராமத்திலிருந்து காண்ட்ராக்டில் வந்தவர், வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். அவருடையது பழைய பித்தளைத் தூக்கு. அடி ஓட்டையாகி, ஈயம் வைத்துப் பற்றவைத்தது. சரக்கைப் பார்க்க வந்த சூப்பர்வைசர் சொட்டுகளைப் பார்த்தார், நிமிர்ந்து தூக்கின் அடியைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"யாருது இது? இதுல இருந்துதான் உருகி ஊத்தியிருக்கு. ஒரு லோடு போச்சு."

லட்சுமம்மா தூக்கை இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். பற்று எப்போதும்போல மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது. "என்துதான் சார். இப்பிடி ஆகும்னு தெரியாது சார்" என்றார்.

அணைத்த அடுப்பின் சூட்டில் அந்தப் பற்று உருகாது. அதை அங்கே உறுதியாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். என் வாய் திறந்தது. வந்தது இது: "விடுங்க சார், பாவம், தெரியாமப் பண்ணிட்டாங்க."

மறுநாளிலிருந்து லட்சுமம்மா வேலைக்கு வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார்கள். அடுப்பில் தூக்கு மாட்டவும் தடை. பெண்கள் ஆறிய களியைத் தின்றார்கள். பெருமையாய் அடுப்பைக் காத்தவன் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து தின்றேன். வெட்கமாக இருந்தது என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டவன் எழுந்து போய்ச் சொல்லியிருப்பான் அல்லவா?

சில மாதம் கழித்து, ஆடு வாங்கப் போன நண்பனோடு குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனேன். மாட்டுக்கயிறு விற்கும் பெண்களுக்கு நடுவில் லட்சுமம்மா. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, பக்கத்துப் பெண்ணிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்கு அந்த அளவு தெலுங்கு புரியும். அன்றைக்கு அத்தனை பேர் இருந்தும் எனக்காகப் பேசினது இந்த சார் ஒருத்தர்தான் என்றார்.

எனக்குக் காது சுட்டது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "லட்சுமம்மா, அது உங்க தூக்கால இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்களுக்கு நல்ல மனசு சார், அப்பிடித்தான் சொல்வீங்க. எங்கம்மா குடுத்த தூக்கு அது. அன்னிக்கே பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன். அதப் பாக்கவே புடிக்கல."

'என்னால்தான்' என்ற ஒரு சொல் பாக்கி இருந்தது. நண்பன் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று சாக்குச் சொல்லலாம். அவன் வர இன்னும் நேரம் இருந்தது. லட்சுமம்மா ஒரு கயிற்றைச் சுருட்டி, சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கையில் திணித்தார். ஓசூரில் மாடில்லாத ஒற்றை அறையில் குடியிருப்பவன் அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் என் அறை ஆணியில் தொங்குகிறது.

அந்த வருடம் கோயில் கொடைவிழாவுக்கு ஊருக்குப் போனபோது முருகன் என்னைக் கரைக்குக் கூட்டிப்போனான். "இது எங்க அண்ணன், ஓசூர்க்காரரு, இந்தப் பெயிண்டு அடிச்சவரு" என்று ஆட்களிடம் சொன்னான். ஓசூரில் நான் இன்னும் தூத்துக்குடிக்காரன்தான். படகின் ஓரத்தில் நான் அனுப்பிய ஈயத் தலைகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒரு வருட உப்பில் முள் துருப்பிடித்திருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. என் சட்டைப்பையில் மூக்கு உருகிய ஒன்று கிடந்தது. கடலில் எறிந்துவிடலாம் என்று எடுத்து வந்தது. எறியவில்லை. படகில் கிடந்த கத்தியை எடுத்து, மாட்டியிருந்த தலைகளில் ஒன்றைச் சுரண்டினேன். அழுத்திச் சுரண்டினேன்.

"என்னண்ணே பண்ணுத?" என்றான் முருகன்.

"போகுதான்னு பாக்கேன்."

"நான்தான் போன்லயே சொன்னேம்லா" என்று சிரித்தான். "அது போகாது."