முப்பது நாளில் நான்கு நாள் குறைந்தது

என் கோபம் பள்ளி முழுக்கப் பிரசித்தம். மணி அடிக்கிற அக்கா கூட என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்தால் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. நான் ஒருமுறை எண்ணிச் சொல்லிவிட்டால் அதுதான் விடை என்ற நினைப்பு.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வன்னியம்பட்டிப் பக்கம் வீடு. அந்த ஊர் பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் இராஜபாளையம் பள்ளிக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். பாதி நாள் தாமதமாகத்தான் வந்து சேருவாள். முதல் பீரியட் என்னுடையது. தாமதமாக வருகிறவர்கள் பீரியட் முடியும்வரை வகுப்பு வாசலில் நிற்க வேண்டும் என்பது நான் வைத்த சட்டம்.

"பஸ்ஸு லேட்டா வருது டீச்சர்" என்பாள்.

நான் நம்பவில்லை. எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் ஸ்கூட்டரில் அந்த நிறுத்தத்தைத் தாண்டித்தான் வருவேன். அவளுடைய பஸ் எட்டு இருபதுக்கு. எட்டரை மணிக்கும் அவள் எதிர்த்திசை பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பஸ்ஸை விட்டுவிட்டு அரட்டை அடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதுங்கள் என்றார் தலைமையாசிரியை. அதைக் கேட்டதும் அந்தப் பெண் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"அப்பாவுக்கு மட்டும் எழுதாதீக டீச்சர். இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா படிச்சது போதும்னு அம்மாகூட பேண்டேஜ் கம்பெனிக்கு அனுப்பிருவாக."

"அப்ப நிரூபி" என்றேன். "முப்பது பள்ளிக்கூட நாள், பஸ்ஸு எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதிட்டு வா. புள்ளியியல் பாடம் வரத்தான் போகுது. அட்டவணையாப் போட்டுக் காட்டு."

தலைமையாசிரியையிடம் அதுவரை தவணை வாங்கினேன். இதற்கே என்னை நான் மெச்சிக்கொண்டேன்.

அந்த முப்பது நாளுக்குள்தான் பாடமும் நடந்தது. சிதறிக் கிடக்கிற எண்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கோடு போட வேண்டும். நான்கு கோடு நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். அது ஒரு கட்டு. கட்டுகளை எண்ணினால் போதும், தலை சுற்றாது.

முப்பதாவது நாள் ஒரு வியாழக்கிழமை. முதல் பீரியட் முடிந்ததும் அவள் தனித்தாளில் போட்ட அட்டவணையை நீட்டினாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். பத்து நிமிடத்துக்குள் தாமதம் நான்கு நாள், பத்திலிருந்து இருபதுக்குள் ஏழு, இருபதிலிருந்து முப்பதுக்குள் பதின்மூன்று, அதற்கு மேல் ஆறு. மொத்தம் முப்பது. சரியாக இருபது நிமிடம் தாமதமான நாளை, நான் சொன்னபடியே, இருபதில் தொடங்கும் பிரிவில் சேர்த்திருந்தாள்.

சிவப்புப் பேனாவை எடுத்துக் கட்டுகளை எண்ணினேன். நான்கு, ஆறு, பதினொன்று, ஐந்து. மொத்தம் இருபத்தாறு.

"ஏட்டி, கோட்டை எண்ணினா இருபத்தாறுதான் வருது. முப்பதுன்னு எழுதியிருக்கே. மிச்ச நாலு நாளு எங்க இருந்து வந்துச்சு?"

"முப்பதும் இருக்கு டீச்சர். எண்ணித்தான் போட்டேன்."

"அப்ப எனக்கு எண்ணத் தெரியலையா?"

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தினமும் குறித்த நிமிடங்களைக் காட்ட வந்தாள். "அதையும் நீதானே எழுதினே" என்று நோட்டை மூடினேன். அவள் எழுதிய எண்களை அடித்து, பக்கத்தில் என் எண்களைச் சிவப்பில் எழுதினேன். அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மதியமே கடிதம் எழுதி, தலைமையாசிரியையிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பிள்ளையிடம் கொடுத்தால் வீடு போய்ச் சேராது என்று, சாயங்காலம் அம்மா வேலை பார்க்கிற இடத்துக்கு நானே போனேன்.

தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு அந்த அம்மா ஓடி வந்தார். கடிதத்தை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். பிரிக்கவில்லை.

"அவ அப்பாகிட்டக் குடுக்கணுமா டீச்சர்?"

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். சுவர் முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். கட்டுக் கட்டாக, குறுக்குக் கோடோடு.

"இது என்ன கோடும்மா?"

"பாக்கெட் கணக்கு டீச்சர். ஒண்ணுக்கு ஒரு கோடு. அஞ்சு நிக்கும், ஆறாவது குறுக்க. ரெண்டு கட்டு சேந்தா ஒரு டஜன், ஒரு பெட்டி நெறஞ்சுரும். சாயங்காலம் எம்பொண்ணு வந்துதான் எண்ணிச் சொல்லுவா. அம்புட்டையும் செத்த நேரத்துல முடிச்சுருவா."

அட்டவணை என் பையில்தான் இருந்தது. எடுத்து, முதல் தடவையாகக் கட்டுக்குள் இருக்கிற கோடுகளை விரல் வைத்து எண்ணினேன். ஐந்து நிற்கிறது, ஆறாவது குறுக்கே. ஒவ்வொரு கட்டையும் ஐந்து என்று எண்ணி நான் ஒரு கோட்டைத் தின்றிருக்கிறேன். மொத்தம் நான்கு கட்டு. நான்கு நாள்.

"அந்தக் கடிதத்தைக் குடுங்கம்மா" என்றேன்.

"வேற எழுதித் தரப் போறீகளா?"

"இல்ல. தப்பு என்னுது."

அவர் சட்டென்று கொடுக்கவில்லை. நான் விளையாடுகிறேனோ என்று பார்த்தார். அங்கேயே கிழித்தேன். அதற்குப் பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

மறுநாள் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. எட்டே காலுக்கெல்லாம் அந்த நிறுத்தத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எட்டு இருபது ஆனது, எட்டரை ஆனது. எதிர்த்திசை பஸ் வந்து மற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் வரும்போது எட்டு நாற்பத்தேழு.

"இருபத்தேழு நிமிஷம்" என்றாள், யாரிடமும் சொல்லாதது போல.

பள்ளி வாசலில் தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன டீச்சர், நீங்களுமா?" என்றார். என் சிவப்பு எண்களை அடித்துவிட்டு அட்டவணையை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் பார்த்தார். "அப்பாவுக்கு எதுவும் போக வேண்டாம். இதை வச்சு பஸ் டிப்போவுக்கு எழுதுவோம்" என்றார்.

வகுப்புக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால் அவள் வழக்கம்போல வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வா" என்றேன். அவ்வளவோடு விட்டிருக்கலாம். குணம் விடுகிறதா? "கட்டுக்கு அஞ்சு கோடுன்னு போர்டுல போட்டுக் காட்டினேனே, அன்னைக்கு எங்க போயிருந்தே?"

அவள் தன் காலடியைக் காட்டினாள்.

"இங்கனதான் நின்னேன் டீச்சர். போர்டுல குறுக்குக் கோடு தெரிஞ்சுச்சு. நிக்கிறது எத்தனைன்னு தெரியல."