பலாக்கட்டையைத் தூக்க ஓர் ஆள்

தோள் பிடித்துக்கொண்ட பிறகுதான் பலாமரம் என்ன கனம் கனக்கும் என்று எனக்கு உறைத்தது. அதுவரை சனிக்கிழமை தோறும் என் பலாக்கட்டை மிருதங்கத்தை உறையில் போட்டு மாட்டிக்கொண்டு, ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலிருந்து குளத்தைச் சுற்றி பஜனை மண்டபம் வரை நானேதான் நடந்து போவேன். வாரம் பூராவும் ஆபீசில் அடுத்தவர் கணக்கைப் பார்க்கிறவளுக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் சொந்தம். தோளைப் பார்த்த டாக்டர், வாசிக்கலாம், கை அசைவது நல்லதுதான், ஆனால் கனம் மட்டும் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆக, மிருதங்கத்தைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆள் என் கணவர். அரசாங்கத்தில் பாலமும் கட்டடமும் கட்டி ஓய்வு பெற்ற என்ஜினீயர். சங்கீதம் அவருக்குக் காத தூரம்.

சனிக்கிழமை நான் புடவை கட்டி, பொட்டு வைத்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். அவர் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் இருப்பார்.

"இதோ வரேன்டீ. மண்டபம் எங்கேயும் ஓடிப்போகாது கேட்டியா."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவழியாக வந்து சேர்ந்தால், மிருதங்கத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் பின்வரிசைத் தூணில் சாய்ந்து உட்காருவார். இரண்டாவது பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். ஆரத்தி மணி அடித்ததும் விழித்து, நாலு பேர் பார்க்கத் தாளம் போடுவார், அதுவும் தப்புத் தாளம். திரும்பும்போது, "இன்னிக்கு அந்த மாமா என்ன இழுப்பு இழுத்தார், ரப்பர் தோட்டத்துலே வேலை பார்த்தவராக்கும்" என்று முன்னால் பாடுகிற பாகவதரைப் பற்றி ஒரு பாட்டம் கேலி நடக்கும்.

இன்னொருவரை எதிர்பார்த்து நிற்பது எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்தே நான் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "என் கையாலே தூக்கிண்டு போக முடிஞ்சா இனிமே பஜனைக்குப் போறேன். இல்லேன்னா நிறுத்திடறேன். ஒருத்தர் தயவு வேண்டாம்."

அவர் கோபப்படவில்லை. "கனத்தைக் குறைக்கணும், அவ்வளவுதானே? இதுக்கா இந்தப் பாடு?" என்றார்.

முதலில் என் சிநேகிதியிடமிருந்த பைபர் மிருதங்கத்தை வாங்கி வந்து கொடுத்தார். கனமே இல்லை. நாதமும் இல்லை. வாசித்தால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டியது மாதிரி இருந்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்தாயிற்று. மரம்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அடிப்பது தோலில்தான். ஆனால் அடித்த ஒலி எவ்வளவு நேரம் நிற்கும், எப்படி அடங்கும் என்பதில் கட்டைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் அனுபவம். பலா இறுகின மரம். வலது கைப் பக்கமான வலந்தலையில் 'நம்' என்று ஒரு தட்டு தட்டினால் சுருதியோடு நின்று, அவசரப்படாமல் ஓயும். நாகர்கோவிலில் என் அக்கா வீட்டில் வேப்பங்கட்டை மிருதங்கம் ஒன்று இருக்கிறது. அது வெடுக்கென்று பேசும், உடனே வாயை மூடிக்கொள்ளும். அக்கா சுபாவமும் ஏறக்குறைய அதுதான். இதையெல்லாம் சொல்லப் போக, என் கணவர் கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். கட்டில் கால், அலமாரிக் கதவு, ஊஞ்சல் பலகை எதுவும் தப்பவில்லை. ஒரு கல்யாண வீட்டில் மணமேடைத் தூணைத் தட்டிக்கொண்டு நின்றபோது நான் தெரியாதவள் மாதிரி நகர்ந்துவிட்டேன்.

வித்துராவில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் மர அறுவை மில் வைத்திருக்கிறார். தம்பானூரில் பஸ் ஏறி இரண்டு பேருமாகப் போனோம். மில்லில் வெகுநாளாகக் காய்ந்துகொண்டிருந்த வெளிர்மஞ்சள் துண்டு ஒன்றைச் சிநேகிதர் உருட்டிக்கொண்டு வந்தார்.

"கும்பிளாக்கும் சேச்சி. கனம் கொறவு. பட்சே வெடிக்காது."

மலையாளத்தில் அவர் கும்பிள் என்றது நம் குமிழ மரம்தான்; கனம் குறைவு, ஆனால் வெடிக்காதாம். பக்கத்தில் அதே அளவில் பலா ஒன்றும் கிடந்தது. என் கணவர் இரண்டையும் மாறி மாறித் தட்டினார். பலா கணீரென்றது. குமிழ் கொஞ்சம் மெதுவாக, ஆனால் சுத்தமாகப் பேசியது. நல்ல கையால் குமிழை அசைத்துப் பார்த்தேன், லேசாக நகர்ந்தது. அங்கேயே பட்டறையில் கொடுத்து மிருதங்க வடிவத்துக்குக் கடைந்து, உள்ளே குடைந்து வாங்கினோம். மிச்ச வேலையை வீட்டில் தானே செய்வதாக அவர் சொன்னபோது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கோட்டைப் பக்கத்துக் கடையில் தோல் கட்டி வந்ததும், ஆசையாக உட்கார்ந்து வாசித்தேன். குளியலறைக்குள் யாரோ கத்துகிற மாதிரி இருந்தது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேலேறி, எல்லாம் ஒரே கூச்சல்.

"ஏன்னா, இதுக்கு உள்ளே என்ன பண்ணினேள்?"

"வார்னிஷ். மூணு கோட்."

"வெளியிலேதானே?"

"உள்ளேயும்தான். பின்னே? இந்த மழைக்கு வெளியிலே மட்டும் அடிச்சா மதியா, போறுமா? கறையான் வெளியிலே இருந்துதான் வருமாக்கும்?"

இந்த ஊரில் வீடு கட்டினவர்களுக்கு மரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. வாசக்கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. மனுஷர் அந்தப் பழக்கத்தில் மிருதங்கத்தின் வயிற்றுக்குள்ளும் கண்ணாடி மாதிரி பூசி வைத்திருக்கிறார். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அவருக்கும் வந்துவிட்டது.

தோலை அவிழ்த்தோம். கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கட்டைக்குள் தோள் வரை கையை விட்டு உப்புத்தாளால் தேய்த்தார். தும்மல், இருமல், தலையெல்லாம் மரத்தூள். காபி கொண்டுபோனால், "நில்லு, இதைக் கேளு" என்று தட்டிக் காட்டுவார். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வார்னிஷ் பூராவும் போனதும் லேசாக எண்ணெய் மட்டும் தடவி, மறுபடி தோல் கட்டி வாங்கி வந்தார்.

வாசித்தேன். பலாவின் கம்பீரம் இல்லைதான். ஆனால் இடது கைப் பக்கத் தொப்பியில் 'தொம்' உருண்டையாக எழுந்து, பாடுகிறவர் குரலுக்கு இடம் விட்டு அடங்கியது.

"நன்னாருக்கு. நிஜமாவே நன்னாருக்கு" என்றேன்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதான் சொன்னேனே" என்றார். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை குமிழை நல்ல தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் சலவைச் சட்டை போட்டு, விபூதி இட்டுக்கொண்டு நின்றார்.

"நான் வரணுமா?"

"எதுக்கு? நீங்க பேப்பரைப் படிங்கோ."

குளக்கரையில் வீசி நடந்தேன். யாருக்காகவும் நிற்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். மண்டபத்தில் மிருதங்கம் பிரமாதமாகப் பேசியது. குரல் தெளிவாகக் கேட்டது என்று பாகவதர் மாமாவே சொன்னார். இரண்டாவது பாட்டில் என் கண் தானாகப் பின்வரிசைத் தூணுக்குப் போயிற்று. தூண் மட்டும் இருந்தது. ஆரத்தியின்போது எல்லோரும் சரியாகத் தாளம் போட்டார்கள். எனக்கு என்னவோ போலிருந்தது. மாமா அன்றைக்கு இழுத்த இழுப்பை வழியில் சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

வீட்டுக்கு வந்தால் அவர் அதே சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா இழுத்தாரா?"

"எப்பவும் போலத்தான்" என்று உள்ளே போய்விட்டேன். அதற்குமேல் நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். குமிழ் உறைக்குள் தயாராக இருந்தது. அதைத் தொடாமல் சொன்னேன்:

"ஏன்னா, இதுக்கு மண்டபத்திலே நாதம் பத்தலை. இது வீட்டிலே வாசிக்க இருக்கட்டும். பஜனைக்குப் பலாவேதான் வேணும்."

ஊரிலுள்ள மரத்தையெல்லாம் தட்டிப் பார்த்தவர், தும்மித் தும்மி அந்தக் கட்டையைத் தேய்த்தவர். அதன் நாதம் பத்துமா பத்தாதா என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பலாக்கட்டையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். சலவைச் சட்டையை எப்போதோ போட்டிருந்தார்.

"இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா? நாழியாயிடுத்து பாரு, சீக்கிரம் நட" என்றார்.