நாளைக்கு மாப்பிள்ளை நகரத்துக்குப் போனது

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது, என் நாத்தனார் மகளுக்கு வரன் பேசிய அன்றைக்கு. மாப்பிள்ளை யார் என்று கேட்டதற்கு, “நம்ம நாளைக்குத்தான்” என்றாள் நாத்தனார். தையற்கடை வைத்திருந்தவர். யார் துணி கேட்டு வந்தாலும் “நாளைக்கு வாங்க” என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அதிலேயே அமுங்கிப்போயிற்று. சோம்பேறி இல்லை. முடியாது என்று சொல்ல வாய் வராத மனுஷர், அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஏழாம் வருஷம் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கல் உடைக்கும் ஆலை வந்தது. மாவு சலித்த மாதிரி எங்கும் தூசி. எனக்குப் பேத்தி முறையான அவர்கள் மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இந்தத் தூசியை விட்டுக் கூட்டிப்போனால்தான் பிள்ளை தேறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையிலும் ஈ ஓட்டுகிற நிலைமை. எல்லாரும் ரெடிமேடுக்கு மாறிவிட்டார்கள். தூரத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு நகரத்தில், துணித் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு மாதம் தைத்துக் காட்ட வேண்டும், தேறினால் நிரந்தரம்.

நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. “அங்க போய் நாளைக்குன்னு சொன்னா இன்னைக்கே அனுப்பிருவாங்க மாப்ளே” என்றாள்.

“அனுப்புனா வர்றேன் அத்தை. நானா வரமாட்டேன்” என்று பெட்டியைத் தூக்கினார்.

ஆறு பேர் தங்கிய அறையில் சுவரோரம் ஒரு பாய் இடம் கிடைத்தது. தொழிற்சாலையில் ஒருவர் பாக்கெட் மட்டும், ஒருவர் ஜிப் மட்டும். இவருக்குப் பேன்ட்டின் பின்தையல். வேகமாகவே தைத்தார். மூன்றாம் நாள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. எல்லா இடுப்பும் ஓர் அங்குலம் சின்னது.

ஊர்த் தையற்காரர், உடம்பு பெருத்தால் பிரித்துவிட உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார். வெட்டுவதும் அவரே என்பதால் அளவு கெடாது. இங்கே வெட்டுவது வேறு ஆள். தையலுக்கென்று அரை அங்குலம்தான் விட்டிருந்தார். பழகிய கை இரண்டு பக்கத் துணியிலும் ஓர் அங்குலம் பிடித்துவிட்டது.

எதற்கு இப்படி என்று மேற்பார்வைக்காரப் பெண் கேட்டாள். பின்னால் ஆள் பெருத்தால் உதவுமே என்றார் இவர். வரிசை முழுக்கச் சிரித்தது.

“பெருத்தா புதுசு வாங்குவாங்கண்ணே. இன்னொரு தடவை இப்படி வந்தா நீங்க ஊருக்குக் கிளம்பலாம்.”

ஊர் என்றால் அந்தத் தூசி. தொண்ணூற்றாறு பேன்ட்டையும் சாப்பாட்டு நேரத்தில்கூட உட்கார்ந்து பிரித்துத் தைத்தார். பிறகு ஊசியிலிருந்து அரை அங்குலம் தள்ளி, மெஷின் தட்டில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டினார். துணி ஓரம் அதைத் தாண்டக் கூடாது. கை தாண்டும், இழுத்து வைப்பார். மறுபடி தாண்டும். இருபது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? பிள்ளைக்கு மறுபடி இழுக்கிறது என்று மனைவி போனில் அழுதபோதும், இன்னும் பத்து நாள் பொறு என்றே சொன்னாராம்.

கடைசி வாரம் ஒரு பேன்ட்கூடத் திரும்பவில்லை. வேலை நிரந்தரமானது. இரண்டு ஜன்னல் உள்ள வீடாகப் பார்த்து மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டார். நாத்தனார் ஒரு வாரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அடுப்படி சின்னது என்று குறை சொல்லிக்கொண்டே நாலு மாசம் இருந்தாள்.

பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். கடைசியாக மூச்சிழுப்பு வந்து மூன்று வருஷமாகிறது. அவர் அதே தொழிற்சாலையில், அதே வரிசையில் தைத்துக்கொண்டிருக்கிறார்.