சப்புச் சாறு சென்னம்மா

சென்னம்மாவுக்கு வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. பிறந்தது சானமாவுக் காட்டோரம். அவள் தாய் நாராயணப்பன் என்ற நிலக்காரர் வீட்டில் சமையல் செய்தாள். அந்த வீட்டு அடுப்பில் தினமும் இரண்டு சட்டி ஏறும். உள்வீட்டுச் சட்டியில் பருப்பு, கீரை, தேங்காய், சீரகம், நெய் எல்லாம் தாராளம். மிளகாய் பேருக்கு இரண்டு. களத்து ஆட்களின் சட்டியில் புளித்தண்ணீரும் கை நிறைய மிளகாயும். ஒரு கரண்டிச் சாற்றில் ஒரு பெரிய கேழ்வரகுக் களி உருண்டை உள்ளே இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். சட்டியில் சரக்குக் குறையும்போதெல்லாம் தாயின் கை மிளகாய்க் கூடைப் பக்கம் போவதைப் பார்த்தே சென்னம்மா வளர்ந்தாள்.

கல் உடைக்கும் கங்கப்பனைக் கட்டிக்கொண்டு, தென்பெண்ணையில் அணை எழும்பிக்கொண்டிருந்த 1956-இல் கிருஷ்ணகிரிப் பக்கம் வந்தாள். முதலில் ஜல்லிக் கூடை சுமந்தாள். கழுத்து இறுகி, ராத்திரி தலையைத் திருப்ப முடியாது. கூலி ஆட்கள் குடியிருந்த லைனில் சமையல் கொட்டகை போட ஆள் வேண்டும் என்று காண்டிராக்டர் சொன்னதும் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு கொட்டகை இருந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் மதுரை மேஸ்திரி என்பார்கள். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்குச் சமைத்தவன் காவேரிப்பட்டினத்துக் கரியப்பன். அவன் குழம்பு செக்கச்செவேலென்று இருக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரே கொட்டகைதான், கூட்டம் எங்கே அதிகமோ அதுதான் நிற்கும் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். தோற்றால் சென்னம்மா மறுபடியும் ஜல்லி சுமக்க வேண்டும்.

ஒரு நாள் மேஸ்திரியே தன் ஆட்களோடு சென்னம்மாவின் கொட்டகையில் வந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, இது என்ன கொழம்பு?"

"சொப்பு சாறுங்கண்ணா." கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை.

"சொப்பா? எங்க ஊர்ல அதைச் சின்னப் புள்ளைக வச்சு வெளையாடும்." களியைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "களியில உப்பு இல்ல. சாறுல ஒறப்பு இல்ல. இது சொப்பு இல்லத்தா, சப்பு. சப்புச் சாறு!"

"களியைப் போய் மெல்றீங்களே, அசை போட அது என்னா வைக்கோலாங்கண்ணா?" என்றாள் சென்னம்மா. அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அதற்குள் கொட்டகையே சிரித்துக் கிடந்தது.

"மொளகா வாங்க வக்கில்லாத ஊரு, பாவம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் மேஸ்திரி.

பெயர் ஒட்டிக்கொண்டது. காரம் தின்கிறவன்தான் ஆம்பளை என்று லைன் முழுக்கப் பேச்சு. சென்னம்மாவின் ஊர்க்காரர்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டு எதிர்க் கொட்டகைக்கு நழுவினார்கள்.

"நீயும் ரெண்டு கை மொளகா அள்ளிப் போடேன். என்னா கெட்டுப்போச்சு?" என்றான் கங்கப்பன்.

"போட்டா அப்புறம் பருப்பு எதுக்கு, கீரை எதுக்கு? களத்துச் சட்டி ஆயிடும். அதைத்தான்யா நம்ம ஜனம் காலமெல்லாம் தின்னுது. உள்வீட்டுச் சட்டியில இருந்தத இவங்களும் கொஞ்ச நாள் திங்கட்டும். நெய்தான் இல்ல."

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறு புரண்டு வண்டிப்பாதையை அறுத்துக்கொண்டு போக, குந்தாரப்பள்ளிச் சந்தையிலிருந்து சாமான் வண்டி வரவில்லை. இருந்த மிளகாய் மூட்டைகளும் நனைந்து பூசணம் பூத்துவிட்டன. கேழ்வரகுக்கும் பருப்புக்கும் குறைவில்லை. இரண்டு கொட்டகையிலும் மிளகாய் மட்டும் இல்லை.

கரியப்பன் வழக்கம்போலக் குழம்பு வைத்தான். முனிராஜ் என்ற கொத்தனார் கரண்டியை விட்டுத் துழாவினார்.

"என்னாடா கரியா, கை கழுவுன தண்ணியா?"

"மொளகா இல்லண்ணா. நான் என்னா பண்ணட்டும்?"

"மொளகா இல்லன்னா கொழம்பே இல்லியா? உள்ள வேற ஒண்ணுமே போடறதில்லியா?"

சுற்றி நின்றவர்கள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அடி தெரிந்தது.

அந்த மழையில் ஆற்றங்கரையெங்கும் கீரை மண்டியிருந்தது. சென்னம்மா முந்தானை கொள்ளாமல் பறித்துவந்து, பருப்போடு வேகவைத்துக் கடைந்து, பூண்டைத் தட்டிப்போட்டுத் தாளித்தாள். வாசனை லைன் கடைசிவரை போயிற்று. முதலில் முனிராஜ் வந்தார். பின்னாலேயே மேஸ்திரியின் ஆட்கள், நனைந்த கோணிப்பையைத் தலையில் போர்த்திக்கொண்டு. மறுநாள் குடையை மடக்கியபடி மேஸ்திரியே வந்து நின்றார்.

"மெல்லாதீங்கண்ணா. கிள்ளி, சாத்துல பொரட்டி, அப்படியே முழுங்குங்க."

முழுங்கினார். அடுத்த உருண்டையை அவர் கை தானே கிள்ளியது. சாறு இன்னொரு கரண்டி கேட்டார்.

"பேரு என்னத்தா சொன்ன?"

"நீங்க வெச்ச பேருதாங்கண்ணா. சப்புச் சாறு."

கொட்டகை மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை மேஸ்திரியும் சிரித்துப் புரையேறினார்.

"இது எங்க பக்கத்து நிலக்காரரு உள்வீட்டுல திங்கறதுங்க" என்றாள் சென்னம்மா. "வெறும் மொளகாத் தண்ணி களத்துல கூலிக்கு ஊத்தறது."

"அடப்பாவி, கூலிக் கொழம்புக்குத்தான் இத்தன நாளா மீசைய முறுக்குனோமா!" என்றார் முனிராஜ்.

வெள்ளம் வடிந்தது. வண்டி வந்தது, மிளகாயும் வந்தது. போன கூட்டம் கரியப்பன் குழம்புக்குத் திரும்பவில்லை. காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டு, கொட்டகை இனி சென்னம்மாவுக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தெற்கத்தி ஆட்களுக்காக அவள் சோற்றுப் பானையும் வைத்தாள். காரம் கேட்கிறவர்களுக்குப் பூண்டு மிளகாய்ச் சட்னி அரைக்கக் கரியப்பனையே கூப்பிட்டுக்கொண்டாள். நல்ல கை அவனுக்கு.

அணை வேலையில் எப்போதும் ஆண்கள் தின்று எழுந்த பிறகுதான் ஜல்லி சுமக்கும் பெண்களுக்குச் சாப்பாடு. கொட்டகை தன் கைக்கு வந்த அன்றைக்குச் சென்னம்மா வாசலில் கரண்டியோடு நின்று அவர்களைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டாள்.

"அப்ப நாங்க?" என்றார் மேஸ்திரி.

"அடுத்த பந்திங்கண்ணா" என்றாள் சென்னம்மா. நனைத்த கையால் முதல் களியை உருட்ட ஆரம்பித்தாள்.