ஒருநாள் கேம்பிரிட்ஜ்

விக்னராஜாவைப் பற்றிச் சொல்வதென்றால் நாலு மார்க் கதையில்தான் தொடங்க வேண்டும். அவரே அப்படித்தான் தொடங்குவார். யாழ்ப்பாணத்தில் எண்பத்திமூன்றாம் ஆண்டு பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை எழுதி, நாலு மார்க்கால் பொறியியல் பீடம் தவறிப்போனவர். பிறகு யுத்தம், கொழும்பு, கடைசியில் மெல்பேர்ன். இங்கே கார் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் இருபத்தேழு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எத்தனையோ ஆயிரம் பெட்டிகளை இறக்கிவைத்த மனிதர், அந்த நாலு மார்க்கை மட்டும் எங்கேயும் இறக்கவில்லை.

மெல்பேர்ன் புறநகரான டார்னெய்ட்டில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை வேலிதான். அவர் மனைவி இரஞ்சிதமும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர்களுக்கு ஒரே மகள், வினுஷா. அவள் டொக்டராக வேண்டும் என்று பிறந்த அன்றே தகப்பன் முடிவெடுத்துவிட்டார். ஆனால் மருத்துவத்துக்கு அவளுக்கு மார்க் போதாமல் போய்விட்டது. இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் நர்ஸிங், அதாவது தாதியியல் எடுத்தாள். விரும்பித்தான் எடுத்தாள். விக்னராஜா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகும் யாராவது கேட்டால் "யூனிக்குப் போறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இரண்டாம் வருட விடுமுறையில் மச்சாளின் கலியாணத்துக்கு வினுஷா லண்டன் போனாள். எல்லாம் முடிந்து ஒரு நாள் கையில் மிஞ்சியது. அப்பாவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று ரயிலேறித் தனியாகக் கேம்பிரிட்ஜ் போனாள். பாவம், அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இங்கே இரவு ஒன்பது மணி, அங்கே பகல். நான் அவர்கள் குசினியில் இரஞ்சிதத்தோடு கதைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ கோல் வந்தது. விக்னராஜா போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆற்றில் நீளத் தடியால் வள்ளம் ஊன்றும் பெடியனைக் காட்டினாள். பழைய கல்லூரிகளின் கோபுரங்களைக் காட்டினாள். ஒரு கல்லூரிக்குள் பச்சைப் பசேலென்று புல்வெளி.

"அப்பா, இந்தப் புல்லில நடக்கக் கூடாதாம். இங்க படிப்பிக்கிற பெரிய ஆக்கள் மட்டும்தான் நடக்கலாமாம்."

"கால் வைச்சுடாதை பிள்ளை! கரையில நில்லு!" என்று டார்னெய்ட்டிலிருந்து பதறினார் இவர்.

அங்கே மழை தூறிக் குளிர் அடித்தது. அவள் சந்தையில் ஒரு ஹூடி வாங்கிப் போட்டிருந்தாள். நெஞ்சில் கேம்பிரிட்ஜ் என்று பெரிய எழுத்து. அதோடு கல்லூரி வாசலில் நின்று படம் எடுக்கச் சொன்னார் தகப்பன். வழியில் போன யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். படம் வந்ததும் விக்னராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதேயில்லை.

அடுத்த ஞாயிறு, த பேசின் என்ற புறநகரில் இருக்கிற பிள்ளையார் கோயில். பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் கமலேஸ்வரி. இவருடைய மகன் மருத்துவம் படிக்கிறான். இரண்டு வசனத்துக்கு ஒருமுறை "எங்கட டொக்டர்" வரும். பிறகு என் பக்கம் திரும்பி, "விக்னராஜாவின்ர பெட்டை என்ன செய்யுது, நர்ஸிங் கிர்ஸிங்கோ?" என்றார்.

அந்த "கிர்ஸிங்" எனக்குச் சுரீரென்றது. என் வாய் சும்மா இருக்குமா? போனை எடுத்து, இரஞ்சிதம் எனக்கும் அனுப்பியிருந்த அந்தப் படத்தை நீட்டினேன்.

"கேம்பிரிட்ஜில படிக்கிறாள்" என்றேன்.

கமலேஸ்வரியின் முகம் போன போக்கை இரண்டு நிமிடம் நன்றாகவே ரசித்தேன். ஆனால் அவர் தட்டும் கையுமாக நேரே விக்னராஜாவிடம் போனார்.

"எவ்வளவு பெரிய விசயம், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அண்ணை?"

விக்னராஜா என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அசடு வழிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "கண்ணூறு பட்டுடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எங்கள் சனத்திடம் இந்தத் திருஷ்டிப் பயத்தைவிட நல்ல பூட்டு இல்லை. வீசாவா, கலியாணமா, பிள்ளை வயிற்றில் தங்கியதா, எதையும் கண்ணூறு என்று சொல்லி ஒளித்துவைக்கலாம். யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

வினுஷா பத்தாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். பிள்ளை இங்கிலாந்தில் படிக்கிறாளே, எப்படி வெளியே காட்டுவது? கோயில் இல்லை, கலியாணவீடு இல்லை, இந்தியன் கடைப் பக்கம்கூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் மனிதர். நான் வேலியருகே நின்று கெஞ்சினேன்.

"விக்னா அண்ணை, நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லிவிடுங்கோ. பழி என்ர தலையில கிடக்கட்டும்."

"விடு யோகா. இனி என்னெண்டு சொல்லுறது?"

அவர் விட விரும்பவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்த நாலு மார்க் கைக்கு வந்திருக்கிறது, எப்படி விடுவார்? நானும் கமலேஸ்வரியிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. எனக்கும் மானம் பெரிதாகத்தான் இருந்தது.

மூன்றாம் வருடம் அவள் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு நின்றபோது, அதே வார்டில் கமலேஸ்வரியின் மாமியாரைக் கொண்டுவந்து போட்டார்கள். இங்கிலீஷ் தெரியாத மனுசி, எங்கே நோகிறது என்று தமிழில் அழுதுகொண்டிருந்ததாம். வினுஷா தகப்பனுக்கு போன் எடுத்தாள். "கிட்டப் போகாதை, வேற வார்டுக்கு மாறு" என்றார் அவர். அவள் மாறினாள். அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தவளை நான் போய்ப் பார்த்தேன்.

"அந்த மனுசி நோகுது நோகுது எண்டு சொல்லுது அன்ரி. எனக்கு விளங்குது. நான் விளங்காத மாதிரி வந்திட்டன்."



போன டிசம்பரில் அவளுக்குப் பட்டமளிப்பு. பார்வையாளருக்கு இரண்டு டிக்கெட். தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. அவருக்காகப் புதுச் சேர்ட்கூட வாங்கி அயர்ன் பண்ணிக் கொழுவி வைத்திருந்தாள். அன்று காலை விக்னராஜா களஞ்சிய உடுப்போடு வெளிக்கிட்டார்.

"அங்க எங்கட ஆக்கள் எப்பிடியும் நிப்பினம்" என்றார்.

அவள் அழவில்லை. அந்த டிக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். நான் போனேன். விக்னராஜாவுக்கென்று வைத்த கதிரையில், இந்தப் பொய்யைத் தொடக்கிவைத்த நான் உட்கார்ந்து, அவள் பெயரை வாசித்தபோது கை நோகத் தட்டினேன். இரஞ்சிதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

வெளியே புல்வெளியில் ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். இங்கே யாரும் நடக்கலாம். வினுஷா கறுப்பு அங்கியோடு நின்றாள். நான் போனைத் தூக்கினேன்.

"அன்ரி, ஒருத்தருக்கும் அனுப்பிப் போடாதேங்கோ" என்றாள்.

அப்போது இரஞ்சிதத்தின் போன் அடித்தது. அவள் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் இரைச்சல் கேட்டது.

"முடிஞ்சுதே? எங்கட ஆக்கள் ஆரும் கண்டவையே?"

இரஞ்சிதம் வாய் திறக்குமுன் வினுஷா போனை வாங்கினாள். தகப்பனோடு எப்போதும் இங்கிலீஷ் கலந்து பேசுகிற பிள்ளை, அன்றைக்குத் தமிழிலேயே சொன்னாள்.

"பயப்படாதேங்கோ அப்பா. ஒருத்தரும் காணேல்லை. நீங்களும் காணேல்லை."

போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அங்கியைக் கழற்றி மடித்து, வாடகைக்கு எடுத்த இடத்தில் திருப்பிக் கொடுக்கப் போனாள்.