குற்றாலத்துக்குத் துண்டோடு போனவர்கள்

ஆலங்குளத்தில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினேன். தென்காசிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். சனிக்கிழமை, சீசன் நேரம். உட்கார இடமில்லை. தோளில் ஒரு துண்டு போட்டிருந்தேன். மார்க்கெட்டில் என்னோடு மூட்டை தூக்கும் ஆள் பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்துவிட்டான்.

"என்னவே, குற்றாலமா?"

"ஆமா."

"தண்ணி நல்லா விழுதாம். குளிச்சிட்டு வாரும்."

வேறு கேள்வி இல்லை. துண்டு எடுத்து வந்ததே அதற்காகத்தான்.

நான் பல வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன். காதில் குரல் கேட்கும். இப்போது குறைவு. கேட்டாலும் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தொண்டு அமைப்பு குற்றாலம் பக்கம் மாதம் ஒரு நாள் மனநல மருத்துவ முகாம் நடத்த இருந்தது. எங்கே, எப்படி நடத்துவது என்று டாக்டர்கள் மட்டும் பேசினால் போதாது, மாத்திரை விழுங்குகிறவர்களும் உட்கார வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். ஐந்து பேரைக் குழுவில் சேர்த்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என்னையும் சேர்த்தார்கள்.

குற்றாலத்திலேயே வைக்கலாம் என்று சொன்னது நாங்கள்தான். ஒரு ஆள் தோளில் துண்டோடு குற்றாலத்துக்குப் போனால் ஏன் என்று இந்த ஜில்லாவில் யாரும் கேட்க மாட்டார்கள். வாசலில் போர்டு வேண்டாம், வருகிறவர்கள் துண்டோடு வரட்டும் என்றோம். முகாமுக்கு வரப்போகும் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சரி என்றார். இன்னொன்றுக்குத்தான் யோசித்தார். முதலில் நோயாளி தனியாக உள்ளே போய்ப் பேச வேண்டும், கூட வந்தவர்கள் பிறகுதான் என்று கேட்டிருந்தோம்.

"வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்களே" என்றார்.

"வாசல்ல நான் நிக்கேன்" என்றேன்.

இன்றுதான் முதல் நாள். வாசல் என் பொறுப்பு.

நேற்று சாயங்காலம் வடகரையிலிருந்து செல்லத்துரை என்று ஒருவர் போன் செய்தார். அவர் தங்கச்சி முப்புடாதி மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். வீட்டில் தினமும் சண்டையாம். "நாளைக்குக் கூட்டிட்டு வாரேன். சரிப்படலன்னா மலைக்கு அந்தப் பக்கம் இந்த மாதிரி ஆளுகள வச்சுக்கிடுத இல்லம் ஒண்ணு இருக்கு. பேசி வச்சாச்சு. அங்கன கொண்டு விட்டுருவேன்" என்றார். அந்த மாதிரி இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். வெளியிலிருந்து பூட்டுவார்கள். மற்றவர்களுக்குச் சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னேன். குற்றாலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெரு, துண்டோடு வாருங்கள்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்று மாறியது. தென்காசியில் இறங்கினால் மேலே வெயில், மேற்கே மலை முழுக்க மேகம். கோமதி அக்கா பஸ் ஸ்டாண்டில் நின்றாள். ஆய்க்குடிக்காரி. பீடி சுற்றுகிறாள். அவளும் குழுவில் உண்டு. குற்றாலம் டவுன் பஸ்ஸில் எனக்குப் பத்து ரூபாய், பெண்களுக்கு இலவசம்.

"பாத்தியா, ஒனக்குத் துட்டு, எனக்கு ஓசி. கவர்மெண்டுக்கே தெரியுது யாரு முக்கியம்னு" என்றாள்.

ஐந்து கிலோமீட்டர்தான். மேலகரம் தாண்டியதும் கார் நெரிசல். அரை மணி நேரம் ஆனது. சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் ரம்புட்டான், மங்குஸ்தான் பழக் கடைகள், நேந்திரங்காய் சிப்ஸ் கடைகள். சிப்ஸ் வறுக்கும் எண்ணெய் வாசம் பஸ்ஸுக்குள் வந்தது.

எங்கள் இடம் ஒரு பழைய லாட்ஜின் கீழ்த்தளம். இரண்டு அறை, முன்னால் பெஞ்சு. எட்டரைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லார் தோளிலும் துண்டு, எல்லார் தலையும் காய்ந்து கிடந்தது. அந்தத் தெருவில் வரிசையாக எண்ணெய் மசாஜ் கடைகள் இருப்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த மூன்று பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டே நேராக உள்ளே வந்தார்கள்.

"அண்ணே, ஃபுல் மசாஜ் எவ்வளவு?"

கோமதி அக்கா முந்திக்கொண்டாள். "இங்கன தலைக்கு உள்ள தேய்ப்போம். வாரியளா?"

அவர்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே போனார்கள். பெஞ்சில் ஒரு பெரியவர் சத்தமாகச் சிரித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை.

பத்து மணி ஆகியும் முப்புடாதி வரவில்லை. செல்லத்துரைக்குப் போன் போட்டேன். ஒரே தண்ணீர் இரைச்சல்.

"வந்து ரொம்ப நேரமாச்சு அண்ணாச்சி! அருவியிலதான் நிக்கோம்!"

"அங்கன எதுக்குப் போனிய?"

"தெருவெல்லாம் தேடினேன், ஒரு போர்டும் இல்ல. துண்டோட வாங்கன்னு சொன்னது நீங்கதானே? வைத்தியம் அருவியிலன்னு புரிஞ்சுக்கிட்டேன். தலையைக் காட்டச் சொல்லியிருக்கேன்."

வாசலைக் கோமதி அக்காவிடம் விட்டுவிட்டு நடந்தேன்.

புத்தி சரியில்லாதவர்களைக் கொண்டுவந்து அருவிக்கு அடியில் தலையைப் பிடித்து நிறுத்துவது எங்கள் பக்கம் பழைய பழக்கம். செல்லத்துரை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நாங்கள் சொன்னது அவருக்கு அப்படித்தான் விளங்கியிருக்கிறது.

பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் ஆண்கள் போக முடியாது. அதனால் செல்லத்துரை முன்பின் தெரியாத இரண்டு பெண்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்கள் முப்புடாதியின் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தியிருக்கிறார்கள். அவள் இருவரையும் தள்ளிவிட்டு வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. செல்லத்துரை பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, எந்திரி! ஊரே பாக்குது!"

என்னைப் பார்த்ததும், "பாத்தியளா அண்ணாச்சி? தொட்டா அடிக்கா. இதுக்கு மேல முடியாது. இப்படியே செங்கோட்டை பஸ் ஏறி அங்க கொண்டு விட்டுருதேன்" என்றார்.

நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். படி முழுக்க ஈரம். அவள்தான் முதலில் பேசினாள்.

"நீங்கதான் துண்டு கொண்டாரச் சொன்னதா?"

"ஆமா."

"எதுக்கு?"

"எங்க போறோம்னு ஊருக்குத் தெரியாம இருக்க."

"எங்க ஊருக்குத் தெரியாதா? என்னைய மரத்துல கட்டிப் போட்ட அன்னைக்கு எங்க தெருவே வந்து பாத்துச்சு. நீங்க யாருக்கு மறைக்கிய?"

துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன்.

"இது எங்க தப்பு" என்றேன். "தண்ணியில நிக்க நாங்க சொல்லல. அங்க ஒரு டாக்டரம்மா இருக்காங்க. முதல்ல நீ மட்டும் உள்ள போய்ப் பேசணும். ஒங்க அண்ணன் வெளிய நிப்பாரு."

"அவனா? வெளியவா?"

"நான் நிப்பாட்டுதேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்தாள். வழி முழுக்கச் செல்லத்துரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் ஆளுக்கொரு துண்டு நீட்டினார்கள். கோமதி அக்கா ஒரு மாற்றுச் சேலை கொண்டு வந்திருந்தாள். கட்டிக்கொண்டு முப்புடாதி உள்ளே போனாள். பின்னாலேயே செல்லத்துரையும் கிளம்பினார். நான் வாசலில் நின்றேன்.

"நீங்க அப்புறம்."

"நான் சொன்னாத்தானே டாக்டருக்குத் தெரியும்? அவ ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுவா."

"சொல்லட்டும்."

"நான் கூடப்பிறந்தவன்யா!"

"என்னையும் எங்க அண்ணன்தான் கூட்டிட்டுப் போனான். எல்லாத்தையும் அவனே சொன்னான். நான் மார்க்கெட்டுல மூட்டை தூக்குதவன். அந்த மாத்திரையைப் போட்டா எனக்குக் கை நடுங்கும். அது அவனுக்குத் தெரியாது. என்கிட்ட யாரும் கேக்கல."

"கை நடுங்கினா மூட்டை எப்படித் தூக்குவிய?"

"தூக்கல. ஒரு வருசம் வீட்டுல கெடந்தேன். சோம்பேறின்னு சொன்னாங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மறுபடி எழவில்லை.

அரை மணி நேரம் கழித்துத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. தானாகவே சொன்னார்.

"மாத்திரை போட்டா மதியம் வரை எந்திரிக்க முடியலயாம். நூறுநாள் வேலையிலருந்து வேண்டாம்னு அனுப்பிட்டாங்களாம். அதான் நிறுத்தியிருக்கா. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்க கேட்டியளா?"

"இல்ல." பிறகு, "அளவைக் குறைச்சு, மருந்தை மாத்திக் குடுத்திருக்காங்க" என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. முடிந்ததும் வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து குறை நிறை பேச வேண்டும் என்றும் வைத்திருந்தோம். டாக்டரம்மாவும் தரையில் உட்கார்ந்தார். ஒருவர் குடிக்கத் தண்ணீர் இல்லை என்றார். முப்புடாதி கையைத் தூக்கினாள்.

"வாசல்ல போர்டு வைங்க."

கோமதி அக்காவுக்குக் கோபம். "வச்சா எங்க ஊர்க்காரன் எவனாவது பாப்பான். எனக்கு மக இருக்கா. மாப்பிள்ளை பாக்கணும்."

"ஒங்களுக்கு மறைக்கணும். நான் அலைஞ்சேனே? என்னையத் தண்ணியில போட்டு அமுக்கினாங்களே?"

எங்களைக் கேட்காமல் முடிவு செய்கிறார்கள் என்று சண்டை போட்டுத்தான் நாங்கள் அந்தக் குழுவில் உட்கார்ந்தோம். முப்புடாதி மாதிரி ஆளை நாங்களும் கேட்கவில்லை. அதை அங்கேயே சொன்னேன். கை தூக்கச் சொன்னார்கள். போர்டுக்கு அதிகம் கை. கோமதி அக்கா தூக்கவில்லை. துண்டோடு வர விரும்புகிறவர்கள் அப்படியே வரலாம், அவர்களுக்குப் பின்வாசலைத் திறந்து வைப்பது என்று முடிவானது. அக்கா அதற்குத் தலையாட்டினாள். குழுவில் எங்களோடு ஆறாவது ஆளாகச் சேருகிறாயா என்று டாக்டரம்மா முப்புடாதியைக் கேட்டார். "கூட்டம் என்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்தோம். சாரல் நின்றிருந்தது. வடகரைக்குப் போகவும் செங்கோட்டை பஸ்தான். அது வர நேரம் இருந்தது. செல்லத்துரை போனை எடுத்து அந்த இல்லத்துக்குப் பேசினார்.

"நாந்தான். வடகரை... ஆமா... இல்ல, இப்ப வரல்ல."

முப்புடாதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"'இப்ப'ங்காத. வரல்லன்னு சொல்லு."

அவர் அவளைப் பார்த்தார். போனில் சொன்னார்.

"வரல்ல. வேற ஆளுக்கு இடத்தைக் குடுங்க."

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நான் இருட்டுவதற்குள் ஆலங்குளம் வந்துவிட்டேன். குற்றாலத்தில் நனைந்த சட்டை பாதி வழியிலேயே காய்ந்திருந்தது. எங்கள் ஊருக்குச் சாரல் எட்டாது. எங்கள் பக்கம் நான் மாத்திரை வாங்கும் இடத்தில் இன்னும் அண்ணன்மார்தான் முதலில் உள்ளே போகிறார்கள். நோயாளி வெளியே நிற்கிறான். வியாழக்கிழமை அங்கே மாத்திரை நாள். அன்று மார்க்கெட்டுக்கு லீவு சொல்லியிருக்கிறேன். அங்கேயும் வாசலில் நிற்க ஆள் வேண்டும்.